பத்திரம், பத்திரம்!

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரத்து இடம் கிடைப்பதென்றால், அதற்குப் பூர்வஜன்ம புண்ணியம் வேண்டும். சென்ற வாரம் எனக்கு அந்தப் புண்ணியம் கிட்டியது. ஆனால் பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகப் போகலாம் என்று எண்ணினேனே, அதற்கு மட்டும் கொடுத்து வைக்கவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒரு காகிதக் கட்டை என் மடிமீது வைத்து, "ஸார், கொஞ்சம் இதைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். பேத்தியின் மேற்படிப்புக்காகக் கடன் கேட்டு ஒரு பாங்கிக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். மறுநாள் கையெழுத்து. காகிதங்கள் எல்லாம் இங்கிலீஷில் இருந்தன. தமிழில் இருந்தது ஒரே ஒரு விளம்பரத் துண்டு. அதில் "சொத்துக்கு எதிரான கடன்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது.

"கடன் என் சொத்துக்கு விரோதியா, ஸார்?" என்று கேட்டார் பெரியவர்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"லோன் அகெயின்ஸ்ட் பிராபர்ட்டி" என்னும் இங்கிலீஷ் தொடரை யாரோ அகராதியைப் பார்த்துத் தமிழாக்கியதன் விளைவு இது. "அகெயின்ஸ்ட்" என்றால் எதிர் என்று மனப்பாடம் செய்தவர், அது எந்தப் பெயருக்குப் பின்னால் நிற்கிறது என்று பார்க்கவில்லை. யுத்தத்துக்குப் பின் நின்றால் அது எதிர்ப்பைக் காட்டும். கடனுக்குப் பின் நின்றால் ஈட்டைக் காட்டும். நம் பாட்டிமார்கள் இங்கிலீஷ் படிக்காமலே "நகையின் பேரில் கடன்", "வீட்டின் பேரில் கடன்" என்று சொல்லி வந்தார்கள். அந்தப் "பேரில்" என்பதுதான் இந்த "அகெயின்ஸ்ட்".

இதைச் சொன்னதும் பெரியவர் முகம் தெளிந்தது. "அப்படியானால் மற்றதெல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது" என்று அடுத்த காகிதத்தைக் காட்டினார். அதன் தலைப்பு, "மெமோராண்டம் ஆஃப் டெபாசிட் ஆஃப் டைட்டில் டீட்ஸ்" என்பது. "டெபாசிட் என்று போட்டிருக்கிறது, பாருங்கள். பத்திரத்தை டெபாசிட் செய்கிறோம். லாக்கரில் வைத்த மாதிரி பத்திரமாக இருக்கும்" என்றார்.

இப்போது நான் சிரிக்கவில்லை.

வாசகர்களே, இந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. தமிழில் ஒரு பெயருக்கு வேண்டிய அடைமொழிகள் எல்லாம் முன்னே வரும். பெயர் கடைசியில் வரும். ஆவடியில் டாங்கி செய்யும் இடத்துக்கு ஹெவி வெஹிகிள்ஸ் பாக்டரி என்று பெயர். அதைக் கனரக வாகனத் தொழிற்சாலை என்று இருந்த வரிசையிலேயே தமிழாக்கிவிடலாம். நடுவில் "ஆஃப்", "இன்", "ஆன்", "ஃபார்" போன்ற சிறு சொற்கள் புகுந்துவிட்டாலோ கதை மாறிவிடுகிறது. அப்போது இங்கிலீஷில் தலை முதலில் வரும். வால் பின்னே நீளும். தமிழில் சொல்லவேண்டுமானால் வாலிலிருந்து தலைக்கு ஏறிவர வேண்டும்.

பெரியவரின் காகிதத்தை அப்படிக் கடைசியிலிருந்து படியுங்கள். உரிமைப் பத்திரங்கள், அவற்றை ஒப்படைத்தல், அதைப் பற்றிய குறிப்பு. ஆக, "உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்தது பற்றிய குறிப்பு" என்று ஆகிறது. இரண்டு "ஆஃப்"களில் ஒன்று "ஐ" என்னும் இரண்டாம் வேற்றுமை ஆயிற்று. மற்றொன்று "பற்றிய" ஆயிற்று. ஒன்றுகூட "உடைய" ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். "ஆஃப்" என்றால் "உடைய" என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இங்கே பயன்படவில்லை. "டவுன் ஆஃப் மெட்ராஸ்" என்றால் சென்னை என்னும் நகரம். "கப் ஆஃப் டீ" என்றால் தேநீர் உள்ள கோப்பை. ஒரே "ஆஃப்"தான், வேலைதான் வேறு வேறு.

இது நமக்குப் புதிதன்று. ஓர் உருபின் இடத்தில் வேறோர் உருபு வந்து மயங்குவதற்காகவே தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியல் என்று தனி இயல் வைத்தார். தூக்க மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவருகிறது. தலைவலி மாத்திரை தலைவலியைப் போக்குகிறது. இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்ளும் தமிழர் யாரும் இல்லை. உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று நம் இலக்கணக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். தமிழில் இவ்வளவு கெட்டிக்காரர்களாக இருக்கும் நாம், இங்கிலீஷைக் கண்டதும் ஏன் சொல்லுக்குச் சொல் போட்டு ஏமாற வேண்டும்?

இன்னொரு வேடிக்கை, "இன்ட்ரெஸ்ட்" என்னும் சொல். அதன் பின்னால் "ஆன்" வந்து கடனைச் சொன்னால் வட்டி. "இன்" வந்து சங்கீதத்தைச் சொன்னால் ஈடுபாடு. அதே "இன்" வந்து சொத்தைச் சொன்னால் பாத்தியதை. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு, அடமானம் என்றால் குறிப்பிட்ட ஓர் அசையாச் சொத்தில் உள்ள பாத்தியதையை மாற்றிக் கொடுப்பது என்று இந்தச் சொல்லைக் கொண்டுதான் சொல்லுகிறது. இதை வட்டி என்று படித்தவன் என்ன ஆவான்!

அதே பிரிவு, பத்திரத்தை ஒப்படைப்பதாலேயே அடமானம் ஏற்படும் என்றும் சொல்லுகிறது. கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களிலும், சர்க்கார் அறிவிக்கும் பிற நகரங்களிலும் கடனுக்கு ஈடாக வைக்கும் எண்ணத்துடன் பத்திரத்தைக் கொடுத்தால் போதும், அது அடமானம்தான். குறிப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால் வில்லங்கச் சான்றிலும் அது ஏறிவிடும். தவணை தவறினால், 2002-ஆம் வருஷத்துச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டைக் கைப்பற்றி விற்கும் அதிகாரம் பாங்கிகளுக்கு உண்டு. லாக்கரில் வைத்த பொருள் இப்படியெல்லாம் செய்யாது அல்லவா?

குடும்பக் காகிதத்தில் மட்டுமா இந்தத் தலையும் வாலும்? எங்கள் பஸ் போய்க்கொண்டிருந்த ஆவடியிலேயே தேசம் முழுவதும் பேசிய ஒரு தொடர் முழங்கியது. 1955 ஜனவரியில் ஸ்ரீ தேபர் தலைமையில் அங்கே கூடிய காங்கிரஸ் மகாசபை, "சோஷலிஸ்டிக் பேட்டர்ன் ஆஃப் சொஸைட்டி" என்பதைத் தேசத்தின் லட்சியமாக ஏற்றது. சோஷலிச சமுதாயம் என்று ஒரே மூச்சில் அதைத் தமிழில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தத் தொடரின் தலை "சொஸைட்டி" அன்று, "பேட்டர்ன்" என்பதுதான். அதாவது மாதிரி அல்லது அமைப்பு. சமுதாயம் வாலில் இருக்கிறது. "சோஷலிஸ்டிக்" என்பதும் சோஷலிசத்தின் சாயல் கொண்டது என்று சற்றே இளகிய சொல். சோஷலிச சமுதாயம் என்று வாக்களிப்பது வேறு. சமுதாயத்துக்குச் சோஷலிசச் சாயலுள்ள ஓர் அமைப்பு என்று வாக்களிப்பது வேறு. 1956-ஆம் வருஷத்துத் தொழிற் கொள்கைத் தீர்மானத்தில் "சோஷலிஸ்டிக்" என்பது "சோஷலிஸ்ட்" ஆயிற்று; "பேட்டர்ன்" அப்படியே நின்றது. 1976-இல் 42-ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தின் முகவுரையில் "சோஷலிஸ்ட்" என்னும் சொல்லைச் சேர்த்தபோதுதான், நடுவில் "பேட்டர்ன்" இல்லாமல் அது குடியரசுக்கே அடைமொழியாயிற்று. தலைவர்களின் வாக்கானாலும் பாங்கியின் வாசகமானாலும், தலை எது என்று பார்ப்பது பிரஜையின் கடமை.

ஆகவே, இங்கிலீஷ் காகிதம் எதைக் கண்டாலும் மூன்று காரியம் செய்யுங்கள். முதலில், சிறு சொல்லுக்கு முன் நிற்கும் பெயரைக் கண்டுபிடியுங்கள், அதுதான் தலை. இரண்டாவது, அந்தப் பெயரோடு சேர்த்தே சிறு சொல்லின் பொருளைக் கேளுங்கள், தனியாகக் கேட்காதீர்கள். மூன்றாவது, கடைசியிலிருந்து ஏறிவந்து முழுத் தமிழ் வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால், உங்களுக்குப் புரியவில்லை என்று அர்த்தம். புரியும் வரையில் பேனாவை எடுக்காதீர்கள்.

பெரியவருக்கும் இதையேதான் சொன்னேன். "அப்படியானால் கடன் வாங்க வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்டார்.

"வாங்குங்கள், ஐயா. பேத்தி படிக்க வேண்டாமா? ஆனால் வீட்டை அடமானம் வைக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, தவணை எவ்வளவு, யார் கட்டுவது என்று பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்" என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, அந்த நீளமான இங்கிலீஷ் தலைப்புக்கு மேலே "வீட்டு அடமானம்" என்று தமிழில் எழுதிக்கொண்டார். ஆவடியில் பஸ் நின்றது. இறங்கும்போது காகிதக் கட்டைத் தூக்கிக் காட்டி, "இன்று ராத்திரி பேத்தியையே வாசிக்கச் சொல்லப் போகிறேன், ஸார். அவளுக்காகத்தானே அடமானம்? அவளுக்கும் தெரிய வேண்டாமா?" என்றார்.