கூட்டுக்கு இனம் உண்டா?

மசாமுனே ஷிரோவின் சித்திரக்கதையை மமோரு ஓஷீ 1995இல் அசைவூட்டப் படமாக்கினார். 'கோஸ்ட் இன் த ஷெல்' என்ற அப்படத்தை ஹாலிவுட் 2017இல் நடிகர்களைக் கொண்டு மறுவாக்கம் செய்தபோது, நாயகி மோட்டோகோ குசனாகியின் இடத்துக்கு ஸ்கார்லெட் ஜோஹான்சன் வந்தார். எதிர்ப்பு எழுந்தது. ஓஷீயோ அத்தேர்வை ஆதரித்தார்: நாயகியின் உடல் இயந்திரக் கூடு, அதற்கு ஆசிய முகம் வேண்டுமென்பதற்கு அடிப்படை இல்லை. எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று.

எனினும் அவ்வாதத்தைப் படமே காப்பாற்றவில்லை என்பது நம் எண்ணம். இதில் நாயகியின் பெயர் மீரா கிலியன். பிற்பகுதியில்தான் உண்மை வெளிப்படுகிறது. மோட்டோகோ என்ற ஜப்பானியப் பெண்ணை ஒரு நிறுவனம் பிடித்துச் சென்று, அவள் மூளையை வெள்ளைக்காரியின் உருவில் அமைந்த கூட்டில் பொருத்தி, பொய் நினைவுகளையும் புதுப் பெயரையும் புகுத்தியிருக்கிறது. படம் இதைக் குற்றமென்றே காட்டுகிறது. அக்குற்றம் ஈன்ற முகத்தையே சுவரொட்டியில் அச்சிட்டும் விற்கிறது! கூட்டுக்கு இனமில்லையெனில் இக்கதைத் திருப்பம் எதற்கு?

நட்சத்திரம் இன்றேல் முதல் திரும்பாது என்பார்கள். ஏறத்தாழ 11 கோடி டாலர் செலவான இப்படம் வட அமெரிக்காவில் ஈட்டியது சுமார் 4 கோடிதான். மேலதிகாரியாக வரும் தகேஷி கிடானோ ஜப்பானிய மொழியிலேயே பேசுகிறார். அதனால் பார்வையாளர் எவரும் குழம்பிவிடவில்லை.

படத்தில் நம்மை உண்மையில் தொட்டது ஒரே காட்சி. கவோரி மொமோய் நடித்த தாய், வந்திருப்பவள் மகளென்று அறியாமலே அவளை வீட்டினுள் அழைத்து, இழந்த மகளைப் பற்றிப் பேசுகிறாள். எதிரே அமர்ந்திருப்பவள் மோட்டோகோ. அவள் முகத்தை நாம் படத்தில் ஓரிரு கணங்களே காண்கிறோம்.