சுவரில் ஒட்டிய இலக்கம்

யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றிலே தொலைபேசிக்கு மேலே ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். மூத்தவன் கனடா, இளையவள் இலண்டன் எனப் பெயர்களும் இலக்கங்களும் அதில் நிரம்பியிருக்கும். நாள்தோறும் அழைப்பு அங்கிருந்தே வருவதால் அத்தாளை எவரும் பரீட்சித்துப் பார்ப்பதில்லை. தாயார் மயங்கி வீழ்ந்த இரவில் அயல்வீட்டார் ஓடிவந்து அதனை நோக்கும்போதுதான் அதன் குறை வெளிப்படும்.

குறை யாதெனில், பிள்ளைகள் தாம் வாழும் ஊரில் வழங்கும் முறையிலேயே தம் இலக்கத்தை எழுதி அனுப்பியிருப்பர். ரொறன்ரோவில் 416 எனத் தொடங்கும் பத்து இலக்கங்கள் போதும். அவற்றை அப்படியே நம் வீட்டுத் தொலைபேசியில் அழுத்தினால், முதல் ஏழும் உள்ளூர் இலக்கமாகவே கொள்ளப்படும். முதலில் 00, பின்னர் கனடாவுக்குரிய 1, அதன் பின்னரே அப்பத்தும் வரல் வேண்டும்.

இலண்டன் இலக்கமோ 020 எனத் தொடங்குவது. அதன் முதற் பூச்சியம் அந்நாட்டில் உள்ளோருக்கே உரியது. நாம் அதனை நீக்கி 00 44 20 என அழைத்தல் வேண்டும். நம் பூச்சியமும் அத்தகையதே. யாழ்ப்பாணத்தின் 021, கடல் கடந்தோருக்கு 94 21 ஆகும். 077 என்பது 94 77 ஆகும். 94 021 என அழுத்திவிட்டு, "அம்மாவின் ரெலிபோன் பழுது" என்று வருந்தும் மைந்தரும் உளர். இத்தாலி இதற்கு ஒரு விலக்கு. அங்குள்ள வீட்டு இலக்கங்களின் பூச்சியத்தை நீக்கலாகாது.

வெளிநாட்டுக்கு அழைக்கும் முன்குறியும் எங்கும் ஒன்றன்று. இங்கே 00, கனடாவில் 011, அவுஸ்திரேலியாவில் 0011. கைத்தொலைபேசியிலே பூச்சியத்தைச் சற்று அழுத்திப் பிடித்தால் தோன்றும் கூட்டற் குறி இவை அனைத்துக்கும் ஈடாகும். வாட்ஸ்அப் இருக்க இவை எதற்கு என்பாரும் உளர். இணையத் தொடர்பு அறுந்த இரவில் அவர்கள் என் செய்வரோ!

மகனை அழைக்குமுன் அழைக்க வேண்டியது 1990. இந்திய உதவியுடன் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இவ்விலவச நோயாளர் ஊர்திச் சேவை, 2018 இல் வடக்குக்கும் வந்தது. இதற்குப் பிரதேசக் குறியீடு வேண்டா. தாளின் தலைப்பில் இதனையே முதலில் எழுதுக.

நம் நள்ளிரவு ரொறன்ரோவில் பிற்பகல். மகன் வேலைத்தலத்தில் இருப்பான். ஆதலின் அவன் கைத்தொலைபேசி இலக்கத்தையும் 00 முதலாக முழுமையாக எழுதி, ஒருமுறை அழைத்துப் பார்த்துவிடுங்கள். எழுத்துப் பெரிதாய் இருக்கட்டும். ஓடிவரும் அயலவர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டு வந்திருப்பார்.