தெற்கு பப்டிஸ்ட் மாநாடு: இரண்டு நாள் இறைமையும் எஞ்சிய நாட்களின் அதிகாரமும்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் ஏதாவதொரு பெருநகரின் மாநாட்டு மண்டபத்தில் பல்லாயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் இரண்டு நாட்கள் கூடுகின்றனர். ஆராதனையும் பிரசங்கமும் நடைபெறுகின்றன. நெடுநாள் காணாத நண்பர்கள் சந்தித்து அளவளாவுகின்றனர். அவற்றுக்கு நடுவே வரவுசெலவுத் திட்டம் நிறைவேற்றப்படுகிறது. தலைவர் தெரிவு செய்யப்படுகிறார். தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன. சபையோர் தத்தம் வாக்கு அட்டைகளை உயர்த்திக் காட்டி முடிவு சொல்கின்றனர். அமெரிக்காவின் மிகப் பெரிய புரட்டஸ்தாந்து அமைப்பான தெற்கு பப்டிஸ்ட் மாநாட்டின் வருடாந்தக் கூட்டம் இதுவாகும்.

சுமார் 47 ஆயிரம் திருச்சபைகளைக் கொண்டுள்ள இவ்வமைப்பில் 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி 12.7 மில்லியன் உறுப்பினர்கள் இருந்தனர். குடியரசுக் கட்சியின் வாக்குத் தளத்தில் இவர்களுக்குள்ள பங்கு பெரிது. 2023இல் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராகத் தெரிவான மைக் ஜோன்சன் இவ்வமைப்பைச் சேர்ந்தவர். ஆகவே இம்மண்டபத்தில் உயரும் அட்டைகள் ஒரு மதப் பிரிவின் உள்வீட்டு விவகாரத்தை மாத்திரம் தீர்மானிப்பவை அல்ல.

இக்கூட்டத்துக்கு வருவோர் பிரதிநிதிகள் என்று அழைக்கப்படுவதில்லை. தூதர்கள் என்றே அழைக்கப்படுகின்றனர். இச்சொல்லுக்குள் ஒரு கோட்பாடு பொதிந்திருக்கிறது. பப்டிஸ்ட் மரபில் ஒவ்வொரு திருச்சபையும் சுயாதீனமானது. அதற்கு மேலே ஆயரோ பேராயரோ கிடையாது. தன் போதகரைத் தெரிவு செய்வதும் நீக்குவதும், தன் சொத்தைப் பராமரிப்பதும் அந்தந்தச் சபையின் உரிமை. மறைபரப்புப் பணிக்காகவும் இறையியல் கல்லூரிகளுக்காகவும் சபைகள் விரும்பி ஒன்று சேர்ந்து நிதி திரட்டுகின்றன. 1925இல் ஆரம்பிக்கப்பட்ட கூட்டுறவுத் திட்டம் என்ற நிதி ஏற்பாடே இச்சபைகளைப் பிணைத்து வைத்திருக்கும் பிரதான கயிறு ஆகும்.

இவ்வமைப்பின் தோற்றமே ஒரு கறையுடன் தொடங்குகிறது. அடிமைகளை வைத்திருப்போர் மறைபரப்பாளராக நியமிக்கப்படலாமா என்ற சர்ச்சையில் வடக்குச் சபைகளிலிருந்து பிரிந்து, 1845இல் ஜோர்ஜியா மாநிலத்தின் ஒகஸ்டா நகரில் தெற்கத்தியச் சபைகள் இதனை உருவாக்கின. அதற்காக இம்மாநாடு பகிரங்கமாக மன்னிப்புக் கோருவதற்கு 150 ஆண்டுகள் சென்றன. 1995இல் அத்தீர்மானம் நிறைவேறியது. முதலாவது கறுப்பினத் தலைவராக பிரெட் லூட்டர் 2012இல் தெரிவு செய்யப்பட்டார். மாற்றம் தாமதமாக வந்தது. ஆயினும் அது இதே மண்டபத்தின் வாக்குகளினாலேயே வந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

அதேவேளை, இம்மண்டபத்தைக் கைப்பற்றுவது எவ்வாறு என்பதையும் சிலர் நன்கறிந்திருந்தனர். மாநாட்டுத் தலைவருக்கு நேரடி அதிகாரம் குறைவு. எனினும் குழுக்களை நியமிக்கும் முதற்குழுவை அவரே நியமிக்கிறார். அக்குழுவின் வழியாக வரும் இன்னொரு குழு, கல்லூரிகளுக்கும் சபை நிறுவனங்களுக்கும் அறங்காவலர்களை முன்மொழிகிறது. தொடர்ந்து பத்து ஆண்டுகள் தலைவர் பதவியை வென்றால் முழு அமைப்பையும் மாற்றிவிடலாம் என்று பழைமைவாதிகள் கணக்கிட்டனர். 1979இல் ஹூஸ்டனில் அட்ரியன் ரோஜர்ஸ் தெரிவானதுடன் அக்கணக்கு செயற்படத் தொடங்கியது. இப்போராட்டத்தின் உச்சத்தில், 1985இல் டலஸ் நகரில் 45 ஆயிரத்துக்கும் அதிகமான தூதர்கள் திரண்டனர். அந்த எண்ணிக்கை இன்னும் முறியடிக்கப்படவில்லை.

முஸ்லிம் வாசகர்களுக்கு இவ்வமைப்பு அறிமுகமான விதம் கசப்பானது. 2002இல் சென். லூயிஸ் நகரில் வருடாந்தக் கூட்டத்துக்கு முன்னோடியாக நடைபெற்ற போதகர் மாநாட்டில், முன்னாள் தலைவர் ஜெரி வைன்ஸ் நபிகள் நாயகத்தை மிக இழிவாகப் பேசினார். அதே ஆண்டு ஒக்டோபரில் இவ்வமைப்பின் பொதுக்கொள்கைப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ரிச்சட் லாண்ட், ஈராக்கிற்கு எதிரான போர் நீதியான போராகும் என வாதிட்டு ஜனாதிபதி புஷ்ஷிற்குக் கடிதம் எழுதினார். 2003ஆம் ஆண்டுக் கூட்டம் ஈராக் விடுவிக்கப்பட்டதாக வரவேற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த 'விடுதலை'யின் விளைவுகளை ஈராக்கிய மக்கள், அங்கிருந்த பழைமை வாய்ந்த கிறிஸ்தவ சமூகங்கள் உட்பட, எவ்வாறு அனுபவித்தனர் என்பதை உலகம் அறியும்.

ஆனால் அதே சென். லூயிஸ் நகரில் 2016இல் நடந்த கூட்டம் வேறொரு காட்சியைக் கண்டது. நியூஜேர்சி மாநிலத்தில் பள்ளிவாசல் ஒன்றைக் கட்டுவதற்கு நகர நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது. அங்குள்ள முஸ்லிம்கள் தொடுத்த வழக்கில் அவர்களது உரிமையை ஆதரித்து தெற்கு பப்டிஸ்ட் நிறுவனங்கள் நீதிமன்றத்தில் கருத்துரை தாக்கல் செய்திருந்தன. இது எவ்வாறு நியாயமாகும் என்று ஒரு தூதர் எழுந்து கேட்டார். லாண்டின் இடத்துக்கு வந்திருந்த ரஸல் மூர் தயங்காமல் விடையளித்தார். பள்ளிவாசல் கட்டக்கூடாது என்று சொல்லும் அதிகாரத்தை அரசாங்கத்திடம் கொடுத்தால், நாளை பப்டிஸ்ட் சபை கட்டக்கூடாது என்றும் அதே அரசாங்கம் சொல்லும் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். மண்டபத்தில் கரகோஷம் எழுந்தது. 2017இல் அவ்வழக்கு முஸ்லிம்களுக்குச் சாதகமாக முடிந்து, பள்ளிவாசலுக்கு வழி பிறந்தது.

எனினும் கரகோஷம் ஒன்று, நிலைத்த கொள்கை வேறு. உள்ளிருந்து எழுந்த எதிர்ப்பினால் சர்வதேச மறைபரப்புச் சபையின் தலைவர் அக்கருத்துரையில் இணைந்தமைக்காகச் சில மாதங்களிலேயே வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. மூர் 2021இல் பதவியிலிருந்து விலகிச் சென்றார். கூட்டம் ஒரு கணத்தில் காட்டும் நேர்மையை, கூட்டம் கலைந்த பின்னர் காப்பாற்றுவது யார் என்ற கேள்வி இங்கேயே எழுகிறது.

இக்கேள்வி மிகக் கூர்மையாக வெளிப்பட்டது பாலியல் துஷ்பிரயோக விவகாரத்திலாகும். ஒரு சபையில் குற்றம் புரிந்த போதகர் இன்னொரு சபைக்குச் சென்று மீண்டும் போதகராக அமர்வதைத் தடுக்க, குற்றவாளிகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று வேண்டும் எனப் பாதிக்கப்பட்டோர் நீண்டகாலமாகக் கோரிவந்தனர். 2008இல் நிர்வாகக் குழு அக்கோரிக்கையை நிராகரித்தது. சபைகள் சுயாதீனமானவை, அவற்றின் மீது தமக்கு அதிகாரம் இல்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட பிரதான காரணம்.

2019 பெப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தின் இரு நாளேடுகள் இணைந்து வெளியிட்ட புலனாய்வுத் தொடர், இருபது ஆண்டு காலத்தில் சுமார் 380 சபைத் தலைவர்களும் தொண்டர்களும் குற்றஞ்சாட்டப்பட்டதையும், பாதிக்கப்பட்டோர் 700க்கும் அதிகம் என்பதையும் அம்பலப்படுத்தியது. 2021இல் நாஷ்வில் கூட்டத்தில் தூதர்கள் விழித்துக்கொண்டனர். விசாரணையை நிர்வாகக் குழு தன் கையில் வைத்திருக்க முயன்றபோது அதனை ஏற்க மறுத்து, சுயாதீனமான செயலணி ஒன்றின் கீழ் விசாரணை நடைபெற வேண்டும் எனக் கட்டளையிட்டனர். சட்டத்தரணிகளுடன் நடந்த தொடர்பாடல்களையும் விசாரணையாளரிடம் கையளிக்க வேண்டும் என்றனர். வாரக்கணக்கான இழுபறியின் பின்னர் நிர்வாகக் குழு பணிந்தது. அதன் தலைவரும் உறுப்பினர் பலரும் பதவி விலகினர்.

2022 மே மாதத்தில் வெளியான அறிக்கை பலரையும் அதிர வைத்தது. பட்டியல் வைத்திருப்பது இயலாது என்று வெளியே கூறிக்கொண்டிருந்த அதே அலுவலகத்தில், ஊழியர் ஒருவர் 703 பெயர்களைக் கொண்ட பட்டியலை இரகசியமாகப் பேணி வந்திருந்தார் என்பது தெரியவந்தது. முறையிட்டோரின் கடிதங்கள் புறக்கணிக்கப்பட்டிருந்தன. அடுத்த மாதம் அனஹைம் நகரில் கூடிய தூதர்கள், பொதுமக்கள் பார்வையிடக்கூடிய பெயர்த்தளம் ஒன்றை அமைக்கப் பெரும்பான்மை வாக்குகளால் தீர்மானித்தனர்.

அதன் பின்னர் நடந்தது என்ன? வழக்குப் பயம், காப்புறுதிச் சிக்கல், நிதிப் பற்றாக்குறை என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. பொறுப்பேற்ற செயலணியின் காலம் 2024இல் முடிவடைந்தபோதும் அத்தளத்தில் ஒரு பெயர்கூட வெளியாகவில்லை. 2025 பெப்ரவரியில், பெயர்த்தளம் தற்போதைய முன்னுரிமை அல்ல என நிர்வாகக் குழுவின் தலைவர் அறிவித்தார். அதே ஆண்டு ஜூனில் டலஸ் கூட்டம் சட்டச் செலவுகளுக்காக 3 மில்லியன் டொலரை ஒதுக்கியது.

பெண் போதகர் விவகாரத்தை இதன் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். போதகர் பதவி ஆண்களுக்கு மாத்திரமே உரியது என 2000ஆம் ஆண்டில் விசுவாச அறிக்கை திருத்தப்பட்டது. முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் அவ்வாண்டிலேயே இவ்வமைப்புடனான தொடர்பைத் துண்டித்துக்கொண்டார். 2023இல் கலிபோர்னியாவின் புகழ்பெற்ற சடில்பாக் சபை, பெண்களைப் போதகராக நியமித்த காரணத்துக்காக வெளியேற்றப்பட்டது. அதன் மேன்முறையீட்டை நியூ ஓர்லியன்ஸ் கூட்டத்தில் சுமார் 88 சதவீதமானோர் நிராகரித்தனர். இத்தடையை அமைப்பின் யாப்பிலேயே எழுத முன்வைக்கப்பட்ட திருத்தங்கள் 2024இலும் 2025இலும் ஏறத்தாழ 61 சதவீத ஆதரவைப் பெற்றும், மூன்றில் இரண்டு பெரும்பான்மை கிடைக்காமையால் தோல்வியுற்றன.

இங்கு ஒரு நியாயத்தையும் பதிவுசெய்ய வேண்டும். ஒரு கூட்டமைப்பு தன்னுடன் யார் சேர்ந்திருக்கலாம் எனத் தீர்மானிப்பது சபைச் சுயாதீனத்தில் தலையிடுவதாகாது என்று அவர்கள் வாதிடுகின்றனர். பாலியல் குற்றம் புரிந்தவர்களைப் போதகராக வைத்திருந்த இரு சபைகளும் 2021இல் நீக்கப்பட்டமை உண்மை. ஆனால் அந்த வாதமே அவர்களுக்கு எதிராகத் திரும்புகிறது. பெண்ணொருவர் பிரசங்க பீடத்தில் ஏறினால் சபையை நீக்கச் சுயாதீனம் தடையல்ல என்றால், சிறுவரைச் சீரழித்தவரின் பெயரை வெளியிட மாத்திரம் அது எவ்வாறு தடையாகும்? கோட்பாடு ஒன்றே, அது எப்போது வளைகிறது, எப்போது இறுகுகிறது என்பதைத் தீர்மானிப்பது அதிகாரமேயாகும்.

2006இல் 16.3 மில்லியனாக இருந்த உறுப்பினர் தொகை 2024இல் 12.7 மில்லியனாகச் சுருங்கியமைக்கு இவ்விவகாரமே காரணம் எனக் கூறிவிட முடியாது. அமெரிக்காவின் பல திருச்சபைகளும் தேய்ந்து வருகின்றன. 2024இல் இவ்வமைப்பில் ஞானஸ்நானம் பெற்றோர் தொகை 2 இலட்சத்து 50 ஆயிரத்தைத் தாண்டியதும் கவனத்துக்குரியது. ஆகவே இது அழிந்துகொண்டிருக்கும் அமைப்பு அல்ல. உயிருள்ள அமைப்பு என்பதனாலேயே அதனிடம் கேள்வி கேட்பது பயனுடையது.

தூதர்களின் நல்லெண்ணத்தைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. 2021இலும் 2022இலும் சாதாரண சபைமக்களே அலுவலகத்தைத் தலைகுனிய வைத்தனர். ஆனால் அவர்களுடைய இறைமை ஆண்டில் இரண்டு நாட்களுக்கு உரியது. எஞ்சிய 363 நாட்களும் கோப்புகளும் நிதியும் சட்டத்தரணிகளும் நிரந்தர நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. தீர்மானம் நிறைவேற்றுவோர் வீடு திரும்பிவிடுகின்றனர். அதனை நிறைவேற்ற வேண்டியவர்கள் காலம் கடத்துகின்றனர். கால எல்லையும் கண்காணிப்பும் இல்லாத தீர்மானம், எத்தனை அட்டைகள் உயர்ந்தாலும், காகிதத்திலேயே தங்கிவிடும்.

ஆணைக்குழு அறிக்கைகளும் நிறைவேறாத பரிந்துரைகளும் நமக்குப் புதியவை அல்ல. கோவிலாயினும் பள்ளிவாசலாயினும் தேவாலயமாயினும், தன் நற்பெயரைக் காப்பதற்காகப் பாதிக்கப்பட்டவரின் வாயை அடைக்கும் நிறுவனம் ஈற்றில் அந்த நற்பெயரையே இழக்கும். தெற்கு பப்டிஸ்ட் தூதர்கள் 2022இல் கொடுத்த வாக்குறுதி இன்னும் அவர்களுக்கு முன்னால் கிடக்கிறது. அதை நிறைவேற்றும் வரை, அந்த மண்டபத்தில் பாடப்படும் பாடல்களைப் பாதிக்கப்பட்டோர் வாசலுக்கு வெளியே நின்றே கேட்க நேரும்.