மாமா ரயில் பார்த்தால் என்ன தப்பு?

ஜங்ஷன் பக்கத்தில் குடியிருக்கும் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் பெரிய டி.வி. அதில் சீரியலும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. யூ டியூபில் ஊட்டி மலை ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே 74 வயதுப் பெரியவர், கண் கொட்டாமல்!

''காலையிலேர்ந்து இதேதான். 'மாமா, நியூஸாவது பாருங்களேன்'னா கேட்க மாட்டேங்கறார். சின்னப் பிள்ளை மாதிரி ஆயிட்டார்'' என்றார் மருமகள், காபியை நீட்டியபடி. சொன்னதில் பாதி கேலி, பாதி கவலை.

கவலை நியாயம்தான். கேலியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ரிட்டயர் ஆன நாளிலிருந்து தினம் சாயங்காலம் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்காருவார் அவர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் லேட், என்ன எஞ்சின் மாட்டியிருக்கிறது... எல்லாம் அத்துப்படி. போன வருஷம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் வாசல் படி இறங்கவே பயம் வந்துவிட்டது. ஸ்டேஷன் போச்சு. 'என்ன சார், நேத்து காணோம்?' என்று கேட்க அங்கே நாலு பேர் இருந்தார்களே, அதுவும் போச்சு. மிச்சம் இருப்பது இந்த டி.வி.தான். அதையும் பிடுங்கலாமா?

இந்த ஆசை அவருக்கு மட்டும் வந்ததில்லை. நமக்குத் தூர்தர்ஷன் மாதிரி நார்வே நாட்டுக்கு என்.ஆர்.கே. அது 2009 நவம்பரில், பெர்கனிலிருந்து ஓஸ்லோ வரை ஏழு மணி நேரத்துக்கும் மேலான ரயில் பயணத்தை அப்படியே முழுசாகக் காட்டியது. கதை கிடையாது, ஹீரோ கிடையாது. அப்போது 50 லட்சம்கூட ஜனத்தொகை இல்லாதிருந்த அந்த நாட்டில், சுமார் 12 லட்சம் பேர் கொஞ்ச நேரமாவது பார்த்திருக்கிறார்கள்! தயாரிப்பாளர் தாமஸ் ஹெல்லும் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. முழுப் பயணத்தையும் பார்த்த 76 வயதுக்காரர் ஒருவர், கடைசி ஸ்டேஷன் வந்ததும் பெட்டியை இறக்க எழுந்தாராம். திரைச்சீலைக் கம்பியில் தலை இடித்த பிறகுதான் தெரிந்ததாம், தன் வீட்டு ஹாலில் இருக்கிறோம் என்று.

ஆகவே பார்க்கட்டும். ஆனால், 'போட்டு விட்டாச்சு, இனி அவர் பாட்டுக்கு இருப்பார்' என்று மற்றவர்கள் நகர்ந்துவிடுவதுதான் ஆபத்து. மணிக்கணக்கில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் பாதம் வீங்கும்; ஆபரேஷன் ஆன இடுப்பு இறுகும். கண் கொட்டாமல் பார்த்தால் கண் காய்ந்து எரியும். டிரைவர் இருக்கையிலிருந்து எடுத்த படங்களைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் சிலருக்குத் தலை சுற்றும். நான் சொன்ன யோசனை சுலபமானது. திரையில் ஸ்டேஷன் வந்தால் இவரும் 'இறங்க' வேண்டும்! எழுந்து, துணையோடு தாழ்வாரம் வரை நடந்து, டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்துவிட்டு வந்து உட்காரட்டும்.

கைக்கும் வேலை வேண்டும். அதற்கு மாடல் ரயில் மாதிரி இன்னொன்று எனக்குத் தெரிந்து இல்லை. இது பெரியவர்களுக்கும் உரிய கலைதான். புனேயில் ஜோஷி என்பவர் உருவாக்கிய குட்டி ரயில் மியூசியம் 1998-லிருந்து இருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்கில் சகோதரர்கள் ஆரம்பித்த 'மினியேச்சர் வுண்டர்லாண்ட்' 2001-ல் திறந்தது. எச்.ஓ. என்ற அளவில், நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்குதான் உருவம். இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அந்த செட்டெல்லாம் விலை அதிகம்தான், மறைக்கவில்லை. பாட்டரியில் ஓடும் சாதாரண பொம்மை ரயிலே ஆரம்பத்துக்குப் போதும். மலைக்கு தெர்மகோல், ஸ்டேஷனுக்குப் பழைய அட்டைப்பெட்டி. வெட்டி ஒட்டுவதில் பேரனும் தானாக வந்து சேருவான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். தண்டவாளத்தைத் தரையில் பரப்பவே கூடாது. மேஜை மேல்தான். ஏற்கெனவே விழுந்தவர், மறுபடி தடுக்கி விழுந்தால் என்ன ஆகும்? ரிமோட்டில் பட்டன் பாட்டரி இருந்தால் அதன் மூடி ஸ்குரூ போட்டு இறுக்கியதாக இருக்கட்டும். சின்னக் குழந்தை அதை விழுங்கினால் உணவுக்குழாயே வெந்துபோகும்; ஒரு நிமிஷம்கூடக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அந்த ஸ்டேஷன் பெஞ்சுக்கு வீடியோவும் பொம்மையும் ஈடாகாது. டாக்டர் சரி என்றால், மாதம் ஒரு தரமாவது ஆட்டோ பிடித்து மாமாவை அங்கே கூட்டிப் போங்கள் என்றேன். மருமகள் பதில் சொல்லவில்லை. டி.வி. பக்கம் திரும்பி, ''மாமா, இது எந்த ஊர்?'' என்றார்.

''கல்லாறு தாண்டியாச்சும்மா. இனிமே குன்னூர் வரைக்கும் பல்சக்கரம்தான். நடுவுல பல் வெச்ச தண்டவாளம் தெரியுதா? எஞ்சின் அதைக் கடிச்சுக் கடிச்சு மேல ஏறும். முன்னாடி இழுக்காது, பின்னாடியிருந்து தள்ளும்...''

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் இறங்கும்போதும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.