அஜித் கார் விபத்து முதல் இருங்காட்டுக்கோட்டை வரை: ரேஸ் ட்ராக்கில் பிரேக் ஏன் கைவிடுகிறது?

2025 ஜனவரி 7. துபாய் ஆட்டோட்ரோமில் 24 மணி நேர ரேஸுக்கான பயிற்சி. நடிகர் அஜித்குமார் ஓட்டிய போர்ஷே, தடுப்புச் சுவரில் மோதிச் சுழன்ற வீடியோவை அன்று பார்க்காதவர்கள் குறைவு. நல்லவேளை, அவருக்குக் காயமில்லை. சில நாட்களிலேயே அவரது அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. விபத்துக்குக் காரணம் பிரேக் ஃபெயிலியர் என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டது.

ரேஸுக்காகவே செய்த காரிலேயே இது நடக்கும் என்றால், ஷோரூமில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரை அப்படியே ட்ராக்குக்கு ஓட்டிப் போகிறவர்கள் கதி என்ன? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. ட்ராக் 1990 முதல் இருக்கிறது. கோவையில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் ‘ட்ராக் டே’க்குத் தயாராகும் பலரும் ஒர்க்‌ஷாப்பில் முதலில் கேட்பது, “பெரிய பிரேக் கிட் போட்டுடலாமா?”. அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

திருமலை இறக்கத்தில் வரும் அந்த வாசனை

சென்னையிலிருந்து திருவள்ளூர், கனகம்மாசத்திரம், திருத்தணி வழியாகத் திருப்பதி போய்வருபவர்களுக்கு இந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். நெடுஞ்சாலை முழுக்க பிரேக் சாதுவாக இருக்கும். திருமலையிலிருந்து இறங்கும்போதுதான் கருகல் வாசனை வரும். கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால், கொஞ்ச நேரத்தில் பெடல் பழையபடி பிடிக்காது. இதுதான் ‘பிரேக் ஃபேட்’.

பிரேக்கின் வேலை காரின் வேகத்தை வெப்பமாக மாற்றுவது. 1,500 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்தில் நிற்கும்போது உண்டாகும் வெப்பத்தைப் போல ஒன்பது மடங்கு, 180 கி.மீ. வேகத்தில் நிற்கும்போது உண்டாகிறது. வேகம் மூன்று மடங்கானால் ஆற்றல் ஒன்பது மடங்கு, பள்ளிக்கூடக் கணக்குதான். வீட்டு பாஷையில் சொன்னால், ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம். அடுப்பில் அதற்குப் பல நிமிடம் ஆகும். இங்கே ஐந்தாறு வினாடியில் உண்டாகிறது. ட்ராக்கில் அடுத்த வளைவு வருவதற்குள் டிஸ்க் முழுசாக ஆறாது. அதற்குள் மறுபடியும் பிரேக்.

பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். பேட் அளவுக்கு மேல் சூடானால் பெடல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் கார் நிற்காது. இன்னொன்று இதைவிட மோசம்: பிரேக் ஆயிலே கொதித்துவிடும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவிக்குமிழை அமுக்கலாம். அதனால் பெடல் சொதசொதவென்று தரை வரை போகும். அழுத்தம் காலிப்பருக்குப் போய்ச் சேராது.

எனவே முதல் செலவு ஆயிலுக்கு. பல கார்களில் இருப்பது டாட் 4 வகை. புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அது 155 வரை இறங்கலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம்ம சென்னைக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டு வருடமாக மாற்றாத ஆயிலோடு ட்ராக்கில் இறங்குவது வெறும் அசட்டுத் துணிச்சல். புதிய ரேஸிங் ஆயில்கள் 300 டிகிரி தாண்டியும் கொதிக்காது. டாட் 5 மட்டும் சிலிகான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது, டாட் 5.1 வேறு.

அடுத்தது பேட். அதற்கடுத்து, டிஸ்க்குக்குக் காற்று கொண்டுபோகும் குழாய். இந்த மூன்றையும் செய்த பிறகும் பிரேக் தளர்ந்தால்தான் பெரிய டிஸ்க், ஆறு பிஸ்டன் காலிப்பர் பற்றி யோசிக்கலாம். பெரிய கிட்டின் பலன், கூடுதல் வெப்பத்தைத் தாங்குவதுதான். ஒரே ஒரு தடவை பிரேக் பிடிக்கும்போது கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது டயர். முன்பக்கம் மட்டும் பெரிய கிட் மாட்டினால், முன்–பின் பிரேக் விகிதம் கெட்டு, நிற்கும் தூரம் கூடவும் செய்யலாம். பார்க்க அழகாக இருக்கும் ஓட்டை போட்ட டிஸ்க்கில், கடும் சூட்டில் அந்த ஓட்டைகளிலிருந்தே விரிசல் கிளம்பும்.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

வழக்கமான கார் பாலிசியில் ரேஸிங், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் கவரேஜ் இல்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கும். ட்ராக்கில் சுவரில் மோதினால் பணம் உங்கள் பையிலிருந்துதான். சாலைக்கு வந்தால் சட்டம் வேறு. 2019 திருத்தத்துக்குப் பின், மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கம்பெனி சொன்ன தரத்திலேயே பேட், ஆயில் மாற்றுவது வழக்கமான பராமரிப்பு. காலிப்பரையே மாற்றுவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது, ட்ராக் பேடோடு வீட்டுக்கு ஓட்டி வருவது. முழு ரேஸ் பேட் நல்ல சூட்டில்தான் கடிக்கும். காலை ஆறு மணிக்கு கனகம்மாசத்திரம் பக்கம் குறுக்கே ஒரு டிராக்டர் வந்தால், ஆறிக் கிடக்கும் அந்த பேட் முதல் மிதியில் சரியாகப் பிடிக்காது. ட்ராக்கிலேயே சாதா பேடை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். பழகிய மெக்கானிக்குக்கு ஒரு மணி நேர வேலை. அதற்கு முன் கடைசி ஒரு சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி டிஸ்க்கை ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கொதிக்கும் டிஸ்க்கை பேட் கவ்விப் பிடித்தபடி ஆறினால், அந்த இடத்தில் பேடின் அச்சு பதிந்து, மறுநாளிலிருந்து பிரேக் போடும்போதெல்லாம் நடுக்கம் தெரியும்.