மூன்று மாணவியரும் அவர்களுக்காகப் பேசியவர்களும்

ஸ்ரீநகரில் பத்தாம் வகுப்பு மாணவியர் மூவர் 2012இல் ஓர் இசைக்குழுவைத் தொடங்கினர். இரு கிதார்கள், ஒரு டிரம்ஸ், பாட ஒரு குரல். 'ப்ரகாஷ்' என்று பெயரிட்டனர். காஷ்மீரியில் ஒளி என்று பொருள். தமிழ் 'பிரகாசத்தின்' உறவுச் சொல்தான். அவ்வாண்டு டிசம்பரில் ஸ்ரீநகரில் நடந்த இசைக்குழுக்களின் போட்டியில் முதன்முறையாகப் பொதுமேடை ஏறிப் பரிசும் பெற்றனர். அதன்பின் முகநூலில் வசைகள் குவிந்தன. பாலியல் வன்முறை மிரட்டல்களும் வந்தன. 2013 பிப்ரவரித் தொடக்கத்தில் தலைமை முஃப்தி பஷீருத்தீன் அஹ்மத், பாடுவது மார்க்கத்திற்கு முரணானது என்றும் அவர்கள் அதைக் கைவிட வேண்டும் என்றும் அறிவித்தார். சில நாட்களில் குழு கலைந்தது.

முஃப்தியின் அறிவிப்புக்குச் சட்ட வலிமை கிடையாது, மாணவியர் தாமே விலகினர் என்று அன்றே ஒரு சமாதானம் சொல்லப்பட்டது. இன்றும் சொல்லப்படுகிறது. பதினைந்து, பதினாறு வயதுப் பெண்களின் வீட்டுக்குள் மிரட்டல் நுழைந்த பிறகு எடுக்கப்படும் முடிவைத் 'தாமே' என்னும் சொல்லால் குறிப்பதற்கு நிரம்பத் துணிச்சல் வேண்டும்.

முஃப்தியின் வாதத்தை அதன் தளத்திலேயே வைத்துப் பார்க்கலாம். இசை கூடுமா, கூடாதா என்பது இஸ்லாமிய அறிஞர்களிடையே பல நூற்றாண்டுகளாகத் தீராத வழக்கு. கஸ்ஸாலி தமது 'இஹ்யா'வில் செவியின்பத்திற்கென ஒரு தனிப்பகுதியையே ஒதுக்கி, நிபந்தனைகளோடு அதற்கு இடமளித்தார். தீராத வழக்கில் ஒரு தரப்பின் தீர்ப்பை மட்டும் எடுத்து மூன்று சிறுமியர்மேல் சுமத்துவதை மார்க்க அறிவு என்று ஏற்க முடியாது.

'இது காஷ்மீரப் பண்பாடு அன்று' என்ற இரண்டாம் வாதம் இதைவிட மெலிந்தது. காஷ்மீரத்துத் திருமணங்களில் வன்வுன் பாடுவோர் பெண்களே. இசுலாமியர் வீட்டிலும் பண்டிதர் வீட்டிலும் அவர்களே. பதினாறாம் நூற்றாண்டின் ஹப்பா காத்தூனை விலக்கிவிட்டுக் காஷ்மீரி இசைப்பாடலின் வரலாற்றை எழுத இயலாது. ராஜ் பேகம் 1950களில் ரேடியோ காஷ்மீரில் பாடத் தொடங்கினார், 2002இல் பத்மஸ்ரீ பெற்றார், 2016இல் மறைந்தார். அதாவது மாணவியரை நோக்கிப் பண்பாட்டின் பெயரால் விரல் நீட்டப்பட்ட நாளில் அவர் உயிரோடு இருந்தார். அந்தப் பள்ளத்தாக்கு அவர் குரலைக் கேட்டே வளர்ந்தது.

தடைக்கும் அங்கே ஒரு வரலாறு உண்டு. சூஃபியானா இசைக்கு அபிநயித்து ஆடிய ஹாஃபிஸா பெண்களை 1920களில் தடைசெய்தது டோக்ரா அரசு, காரணம், ஒழுக்கம். அவர்கள் இடத்தில் பெண்வேடமிட்ட சிறுவர் ஆடினர். ஆடலும் பாடலும் நிற்கவில்லை, பெண்கள்தாம் வெளியேற்றப்பட்டனர். அன்றைக்கு அரண்மனை, இன்றைக்கு முஃப்தி. ஆணையிடுவோர் மாறியிருக்கின்றனர், யார் வெளியேற வேண்டும் என்பது மாறவில்லை.

கல்விப்புலத்திலிருந்து எழும் வாதமொன்று இன்னும் நாசூக்கானது. மின்கிதாரும் ராக் இசையும் மேலைப் பண்பாட்டு ஆதிக்கத்தின் கருவிகள். ஆகவே இதில் பரிவு காட்டும்போது எச்சரிக்கை தேவை என்பது. காஷ்மீரத்து ரபாப் ஆப்கானியத் தொடர்பு உடையது. இந்துஸ்தானி மேடையை ஆள்கிற ஹார்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. பிடிலைத் தனதாக்கிக்கொண்ட கர்நாடக இசையின் மண்ணில் இருந்துகொண்டு இந்த வாதத்தைப் பேசுவது வேடிக்கைதான். கருவிக்கு ஊர்ச்சான்றிதழ் கேட்பவர்கள், அதை ஆண்கள் வாசிக்கும்போது கேட்பதில்லை. அதே போட்டியில் ஆண்கள் குழுக்களும் வாசித்தன. அவற்றை முன்னிட்டு எந்தப் பண்பாடும் கவலைப்படவில்லை.

இனி ஆதரவாளர்கள். முதலமைச்சர் உமர் அப்துல்லா ட்விட்டரில் மாணவியர் பக்கம் பேசினார். மிரட்டியோர்மீது வழக்கு பதிவாயிற்று, சிலர் கைதாயினர். வழக்கில் எடுத்தாளப்பட்டது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. அதற்குச் சில மாதங்கள் முன், 2012 நவம்பரில், பால் தாக்கரே இறுதிச் சடங்கின்போது மும்பை முடங்கியது பற்றி முகநூலில் எழுதியதற்காகவும் அப்பதிவை விரும்பியதற்காகவும் மகாராட்டிரத்தின் பால்கரில் இரண்டு இளம்பெண்கள் இதே பிரிவில் கைது செய்யப்பட்டனர். ஓரிடத்தில் பெண்களைக் காக்க, வேறோரிடத்தில் பெண்களைச் சிறைப்பிடிக்க. மிரட்டலுக்கும் கருத்துக்கும் வேறுபாடறியாத அந்தப் பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தீர்ப்பளித்தது. இத்தனைக்கும் கொலை மிரட்டலையும் வன்முறை மிரட்டலையும் தண்டிக்கப் பழைய தண்டனைச் சட்டங்களே போதும்.

அதே 2013, செப்டம்பர் 7. ஷாலிமார் தோட்டத்தில் சுபின் மேத்தா பவேரிய அரசு இசைக்குழுவை நடத்தினார். ஏற்பாடு ஜெர்மன் தூதரகம். அழைக்கப்பட்ட விருந்தினர் மட்டும் அமர, பலத்த பாதுகாப்போடு கச்சேரி நடந்தேறியது. இசைக்குப் பாதுகாப்பு தர அந்த அரசுக்குத் தெரியாமல் இல்லை. யாருடைய இசைக்கு என்பதே கேள்வி.

தொலைக்காட்சி விவாதங்களிலோ மாணவியர் வெறும் சான்றாயினர். ஒரு தரப்புக்குப் பள்ளத்தாக்கின் பிற்போக்குக்குச் சான்று. மறுதரப்புக்கு அதைக் களங்கப்படுத்தத் தில்லி கையாளும் கருவிக்குச் சான்று. அவர்கள் எப்படி வாசித்தார்கள், தாளம் நின்றதா, குரல் எடுப்பாக இருந்ததா என்று கேட்டவர் எவருமில்லை. ஓர் இசைக்குழுவைப் பற்றி வாரக்கணக்கில் நாடே பேசியது. இசையைப் பற்றிப் பேச்சே இல்லை. பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகளிலும் கருத்தரங்கப் பேச்சுகளிலும் இன்றுவரை நிலைமை இதுவே. எதிர்ப்பு, முகமை, பொதுவெளி என்ற சொற்களின் கீழ் அவர்கள் எடுத்துக்காட்டாக வந்துபோகிறார்கள்.

பள்ளித் தோழமையில் பிறக்கும் அமெச்சூர் குழுக்கள் கலைவது இயல்பு. ஷில்லாங்கிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் அவை கலைந்துகொண்டேதான் இருக்கின்றன. பொதுத்தேர்வு வருகிறது, டிரம்ஸ் சத்தம் பொறுக்காத பக்கத்து வீட்டார் முறையிடுகின்றனர், யார் முன்னால் நின்று பாடுவது என்பதில் மனத்தாங்கல் வருகிறது, தந்தைக்குப் பணிமாற்றம் வருகிறது. சில குழுக்கள் சலித்தே ஓய்கின்றன. சுமாராக வாசித்து, சண்டையிட்டு, மறந்துபோய், முப்பது வயதில் நினைத்துச் சிரிப்பதற்கான அந்தச் சாதாரண வாய்ப்பு ஸ்ரீநகரின் மூவருக்குக் கிடைக்கவில்லை. அவர்களைக் கலைத்தவர்கள் பறித்தது அதைத்தான். அவர்களுக்காகப் பேசியவர்களில் அதைத் திரும்பக் கேட்டவரும் அரிது.