நிறைமாத ஆட்டம்

"வாயும் வயிறுமாக இருக்கிறவள் வீட்டோடு கிடக்கக் கூடாதா?" அக்கறைபோல் ஒலிக்கும் இந்தக் கட்டளையைக் கேட்காத கர்ப்பிணி நம் ஊரில் இல்லை. 2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், நிறைமாத வயிற்றோடு சதுரங்கப் பலகை முன் அமர்ந்தார் ஹரிகா துரோணவல்லி. 44ஆவது செஸ் ஒலிம்பியாடில் அவரும் அணித் தோழியர் ஹம்பி, வைஷாலி, தானியா, பக்தி ஆகியோரும் வென்ற வெண்கலம்தான் ஒலிம்பியாட் பெண்கள் பிரிவில் இந்தியாவின் முதல் அணிப் பதக்கம். அந்தக் கட்டளைக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டாம்.

இன்னொன்றையும் நாம் திருத்திக்கொள்ள வேண்டும். ஒலிம்பியாடில் இருபாலரும் ஆடலாம் என்று விதி சொல்லும் பொதுப் பிரிவை ‘ஆண்கள் அணி’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். செங்கல்பட்டுப் பள்ளியொன்றில் குதிரையை நகர்த்தப் பழகும் சிறுமி, அந்தச் சொல்லைப் படித்தே தன் எல்லையைத் தெரிந்துகொள்கிறாள். அவளுக்காகவாவது இனி ‘பொதுப் பிரிவு’ என்றே அச்சிடுவோம்.